ரயில் பாதையின் நிழலா, கால்வாய்க் கரையா, பூட்டிய மனையா: வடிவமைப்புப் போட்டிக்கு எந்த இடத்தை எடுப்பது?

நகரத்தில் கவனிப்பாரற்றுக் கிடக்கும் ஓர் இடத்தைத் தேர்ந்து அதற்குப் புதிய வடிவம் தருமாறு கேட்கும் போட்டிகள், கட்டடக்கலை மாணவர்களுக்கு ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு பெயரில் வந்துகொண்டேயிருக்கின்றன. பலவற்றில் போட்டிக் குறிப்பு இரண்டு பக்கங்களைத் தாண்டாது. இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் பொறுப்பும் மாணவர்களிடமே விடப்பட்டிருக்கும். இப்படிப்பட்ட குழுக்களுக்குப் பல ஆண்டுகளாக வழிகாட்டி வருகிறேன். நன்றாக வரையத் தெரிந்தும் பரிசுக்கு அருகில்கூட வராத குழுக்களை நினைத்துப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை முதல் வாரத்திலேயே, செயற்கைக்கோள் படத்தில் பார்த்த ஒரு காலிச் சதுரத்தை இடமாக முடிவு செய்தவை. அந்தச் சதுரம் காலியாக இல்லை என்பது ஆறாவது வாரத்தில்தான் தெரிய வந்திருக்கும். அப்போது இடத்தை மாற்றவும் நேரமிருக்காது, வரைந்ததைத் திருத்தவும் மனம் வராது.

ஆகவே இந்தக் கட்டுரை இடத்தேர்வை மட்டும் எடுத்துக்கொள்கிறது. நான்கைந்து பேர் கொண்ட ஒரு குழு, செமஸ்டர் வேலைகளுக்கு நடுவே எட்டு முதல் பத்து வாரம், படிப்பது சென்னையில் என்று வைத்துக்கொள்வோம். இந்த நிலையில் உள்ள மாணவர்கள் என்னிடம் மீண்டும் மீண்டும் கொண்டுவரும் இடங்கள் மூன்று வகைப்படும்: பறக்கும் ரயில் பாதையின் அடிப்பகுதி, பக்கிங்ஹாம் கால்வாயின் கரை, அடுக்குமாடிக் குடியிருப்புகளை ஒட்டிப் பூட்டிக் கிடக்கும் திறந்தவெளி ஒதுக்கீட்டு நிலம். சாலை மேம்பாலங்களின் அடிப்பகுதியையும் சிலர் கேட்பதுண்டு. அதை இடையில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

இடங்களை ஒப்பிடுவதற்கு முன், போட்டி எந்த வகையைச் சேர்ந்தது என்பதைக் குழு தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். வெறும் கருத்தை மட்டும் கேட்கும் போட்டி ஒரு வகை. தேர்வாகும் வடிவத்தைக் கட்டவும் எண்ணும் போட்டி வேறு வகை. நியூயார்க்கின் ஹை லைன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1980இல் கடைசிச் சரக்கு ரயில் ஓடிய பிறகு புல் முளைத்துக் கிடந்த அந்த உயர்மட்டப் பாதைக்கு 2003இல் ஒரு கருத்துப் போட்டி நடந்தது. 36 நாடுகளிலிருந்து 720 குழுக்கள் கலந்துகொண்டன. பாதை நெடுகிலும் ஒரு நீளமான நீச்சல் குளம் என்று வரைந்தவர்கூட அங்கே பாராட்டப்பட்டார். அந்தப் போட்டியில் வந்தவற்றுள் எதையும் அப்படியே கட்டவில்லை. கட்டுவதற்கான குழுவை 2004இல் தனியாகத் தேர்ந்தெடுத்தார்கள், பாதை பூங்காவாக மாறி, அதன் முதல் பகுதி 2009இல் திறக்கப்பட்டது. ஆனால் இடிக்கப்பட இருந்த ஒரு பழைய இரும்புப் பாதையை ஊர் மக்கள் வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கியதில் அந்த 720 கற்பனைகளுக்கும் பங்கு உண்டு. உங்கள் போட்டி இந்த வகையா, அல்லது மாநகராட்சியிடம் கொண்டுபோய்க் கொடுக்கக்கூடிய வரைபடத்தைக் கேட்கிறதா என்பதைப் பொறுத்துக் கீழே வரும் மூன்று இடங்களின் எடையும் மாறும்.

மூன்றில் மாணவர்களை அதிகம் ஈர்ப்பது கால்வாய். அதற்குக் காரணமும் இருக்கிறது. 1806ஆம் ஆண்டு வாக்கில் எண்ணூரை நோக்கி வெட்டப்பட்ட காக்ரேன் கால்வாயாகத் தொடங்கி, தாது வருடப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாகக் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே வெட்டி இணைக்கப்பட்டு, அப்போதைய ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகனின் பெயரைப் பெற்ற நீர்வழி அது. பசியில் இருந்த மக்கள் கூலிக்கு மண் சுமந்து உருவாக்கிய கால்வாய் இன்று கழிவுநீரைச் சுமக்கிறது என்ற ஒரு செய்தியே, போட்டிக்கு அனுப்பும் வரைதாளில் (ஷீட்டில்) ஒன்றை முழுதாக நிரப்பிவிடும். நடுவர்களும் அந்த வரலாற்றுக்கு மனம் இளகுவார்கள். கருத்துப் போட்டி என்றால் இதைவிட வளமான இடம் சென்னையில் குறைவு என்றே சொல்வேன்.

இடர் அதற்குப் பிறகு தொடங்குகிறது. கால்வாயை எடுக்கும் குழுக்களில் பெரும்பாலானவை தெளிந்த நீரை வரைந்துவிட்டு, அதன் இரு கரையிலும் நடைபாதை, மரம், படிக்கட்டு என்று அடுக்கிக்கொண்டே போகின்றன. நீர் எப்படித் தெளிந்தது என்ற கேள்விக்கு ஷீட்டில் பதில் இருக்காது. முன்மாதிரியாகக் காட்டப்படுவது தென்கொரியத் தலைநகர் சியோலின் சொங்கேசொன் ஓடை. அங்கே மேலே இருந்த உயர்மட்டச் சாலையையே அகற்றி, ஏறக்குறைய 6 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடையைத் திறந்து, 2005இல் மக்களுக்கு அளித்தார்கள் என்பது உண்மை. அந்த ஓடையில் ஓடும் நீரின் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து இயந்திரத்தால் இறைத்து விடப்படுவது என்பதும் உண்மை. இதை மாணவர்களிடம் சொல்லும்போது அவர்கள் முகத்தில் தெரியும் ஏமாற்றத்தைப் பார்த்திருக்கிறேன். பக்கிங்ஹாம் கால்வாயில் கலக்கும் கழிவுநீரை எங்கே மறிப்பது, எங்கே சுத்திகரிப்பது, கோடையில் நீரே இல்லாத மாதங்களில் அந்தப் படிக்கட்டு எதைப் பார்த்துக்கொண்டிருக்கும், முகத்துவாரத்தை ஒட்டிய பகுதியில் கடல் ஏற்றத்தின்போது நீர்மட்டம் எவ்வளவு உயரும் ஆகிய நான்கு கேள்விகளுக்கும் விடை தேடவே எட்டு வாரம் போய்விடும். அடையாற்றின் கழிமுகத்தை ஒட்டி 58 ஏக்கரில் 2011இல் திறக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்காவுக்கு ஒருமுறை சென்றுவந்தால் இது புரியும். குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டப்பட்டிருந்த அந்த இடத்தில் முதலில் நடந்த வேலை மண்ணையும் நீரையும் சரிசெய்வதுதான். பாதையும் பலகையும் பின்னால் வந்தவை.

இதைவிடக் கனமான இன்னொரு கேள்வியும் இருக்கிறது, அதை நான் எந்தக் குழுவிடமும் கேட்காமல் விட்டதில்லை. வரைபடத்தில் கரையோரப் பச்சையைத் தீட்டும்போது, அந்தப் பச்சைக்கு அடியில் யாருடைய வீடு இருக்கிறது அல்லது இருந்தது? சென்னையின் நீர்நிலைக் கரைகளில் வாழ்ந்த குடும்பங்கள் 2000ஆம் ஆண்டிலிருந்து கண்ணகி நகருக்கும், பின்னர் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுசெல்லப்பட்டன. வேலையும் பள்ளியும் இருந்த இடத்திலிருந்து பல கிலோமீட்டர் தள்ளிப் போன அந்த வாழ்க்கையை அறியாமல், ‘ஆக்கிரமிப்புகள் அகற்றப்பட்டன’ என்று ஒரு வரியை எழுதிவிட்டுப் பூங்காவை வரைவது எனக்கு ஏற்புடையதன்று. குழுவில் ஒருவராவது கண்ணகி நகருக்குப் பேருந்தில் போய், கரையோரத்திலிருந்து அங்கே போனவர்களோடு உட்கார்ந்து பேசிவிட்டு வரத் தயாராக இருந்தால் மட்டுமே கால்வாயை எடுக்கலாம் என்பது என் கருத்து.

சாலை மேம்பாலங்களைப் பற்றி ஒரு பத்தி போதும். 1973இல் திறந்த அண்ணா மேம்பாலம் தொடங்கிச் சென்னையில் மேம்பாலங்களுக்குக் குறைவில்லை. அவற்றின் அடிப்பகுதியை மாற்றலாம் என்பதற்குக் கத்திப்பாராவில் 2021இல் திறந்த சதுக்கமும், மும்பை மாட்டுங்காவில் மேம்பாலத்துக்குக் கீழே நர்மதை ஆற்றின் போக்கை ஒத்த நடைபாதையோடு அமைந்த பூங்காவும் கண்முன்னே உள்ள சான்றுகள். ஆயினும் பெரும்பாலான மேம்பாலங்களின் அடியில் இருப்பது இரு பக்கமும் வாகனம் ஓடும் ஒரு தீவு. அங்கே ஒரு முதியவரோ குழந்தையோ சாலையைக் கடந்து எப்படி வந்து சேர்வார் என்பதற்கு விடை காணாமல் இருக்கையும் செடியும் வரைவதில் பொருளில்லை. கடக்கும் வழியையே வடிவமைப்பின் மையமாக்கும் துணிவு உள்ள குழு இதை எடுக்கலாம். மற்றவர்கள் தவிர்ப்பது நல்லது.

அடுத்தது, யாரும் ஆசைப்பட்டு எடுக்காத இடம். அலுவலகங்களில் ஓ.எஸ்.ஆர். நிலம் என்று வழங்கும் திறந்தவெளி ஒதுக்கீட்டு நிலத்தின் கதை எளிமையானது. தமிழ்நாட்டின் வளர்ச்சி விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் கட்டடம் எழுப்புபவர் சாலைகள் நீங்கலாக 10 விழுக்காட்டு நிலத்தைப் பொது வெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சி அமைப்புக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால் நிலமாகவோ, அதற்கு ஈடான வழிகாட்டி மதிப்பைப் பணமாகவோ தரலாம். இப்படி எழுதிக்கொடுத்த நிலங்களில் பல அழகான பூங்காக்களாக மாறியிருக்கின்றன. வேறு பல, துருப்பிடித்த கம்பிக் கதவுக்குப் பின்னால் சீமைக்கருவேலம் மண்டி, பக்கத்துக் குடியிருப்பின் கார்கள் நிற்கும் இடமாகவும், இடித்த ஓடுகளையும் பழைய குளியலறைத் தொட்டிகளையும் கொட்டும் இடமாகவும் இருக்கின்றன.

மாணவர்கள் இதைத் தவிர்ப்பதற்குக் காரணம், அதற்கு முகம் இல்லை என்பதுதான். தூண்களின் வரிசை இல்லை, நீர் இல்லை, வரலாறு இல்லை. ஆயிரம் சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ நாலரை கிரவுண்டு அளவுள்ள ஒரு மூலை மனை. ஆனால் மற்ற இரண்டு இடங்களிலும் கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கிறது: நிலம் யாருடையது என்ற கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் சொல்லலாம். அதன் உரிமையாளர் மாநகராட்சியோ நகராட்சியோதான். பயன்பாடும் பொது வெளி என்று முன்பே முடிவானது. நகர நில அளவைப் பதிவேட்டின் பகுதியை எடுத்து, அளவையும் எல்லையையும் சரிபார்த்து, ஷீட்டின் முதல் மூலையிலேயே காட்டிவிடலாம். சுற்றியுள்ள நாற்பது வீடுகளில் ஏறி இறங்கிக் கேட்டால், யார் எந்த நேரத்தில் வருவார்கள் என்ற கணக்கும் ஒரே வாரத்தில் கையில் இருக்கும். கட்டும் எண்ணம் உள்ள போட்டிக்கும், முதன்முறையாகப் போட்டிக்குச் செல்லும் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கும் இதையே பரிந்துரைப்பேன். சிறிய இடத்தில் ஒவ்வொரு மரத்தின் வேர் பரவும் தூரத்தையும் யோசித்து வரைய முடியும். பெரிய இடத்தை எடுத்த குழுக்களுக்கு மரம் என்பது பச்சை வட்டமாகவே நின்றுவிடுகிறது.

இதன் குறையையும் மறைக்க வேண்டியதில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பின் சுவரை ஒட்டிய நிலம், எழுத்தில் பொதுவாக இருந்தாலும் வழக்கத்தில் அந்தக் குடியிருப்பினுடையதாகவே ஆகிவிடுகிறது. காவலாளி கதவருகே நிற்பார். தெருவில் விளையாடும் பிள்ளைகள் உள்ளே வரத் தயங்குவார்கள். அந்தக் கதவை எங்கே வைப்பது என்ற ஒரு முடிவில்தான் அந்த வடிவமைப்பின் நேர்மை முழுவதும் அடங்கியிருக்கிறது. தெருவைப் பார்த்து வைத்தால் அது பொது வெளி. குடியிருப்பின் உள்வழியைப் பார்த்து வைத்தால் அது அவர்களுடைய தோட்டம்.

இனி ரயில் பாதை. கடற்கரை நிலையத்திலிருந்து வேளச்சேரி வரை ஏறத்தாழ 19 கிலோமீட்டர் செல்லும் பறக்கும் ரயில், 1995இல் சேப்பாக்கம் வரையிலும், 1997இல் திருமயிலை வரையிலும், 2004இல் திருவான்மியூர் வரையிலும், 2007இல் வேளச்சேரி வரையிலும் படிப்படியாக வந்தது. அதன் வழித்தடத்தின் பெரும்பகுதி பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டியும், சில இடங்களில் கால்வாய்க்குள்ளேயே தூண் ஊன்றியும் செல்கிறது. நிலம் கையகப்படுத்தும் சிக்கலைத் தவிர்க்க எடுத்த அந்த முடிவு கால்வாயின் அகலத்தைக் குறுக்கியது. நகரம் அதற்கான விலையை ஒவ்வொரு மழையிலும் கொடுத்துவருகிறது. நிலையங்களோ தேவைக்கு மிஞ்சிய பெரிய கட்டடங்கள். கடைகளுக்காகக் கட்டிய தளங்கள் பல ஆண்டுகளாகக் காலியாகக் கிடக்க, வெளிச்சம் குறைந்த படிகளில் மாலைக்கு மேல் தனியாக ஏறப் பெண்கள் தயங்குவதை எல்லாரும் அறிவோம்.

கரைநெடுகிலும் ஓடும் இந்த அமைப்பில், கால்வாய்க்குள் தூண் நிற்கும் பகுதிகளை விட்டுவிட்டு, தரையில் தூண் நிற்கும் பகுதிகளை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். சென்னையில் பொது வெளி அமைக்கும் எவருக்கும் அதிகச் செலவு வைப்பது நிழல். அது இங்கே ஏற்கெனவே கட்டி முடிக்கப்பட்டிருக்கிறது. அடுத்ததாக, ஒரு தூணுக்கும் மறு தூணுக்கும் இடைப்பட்ட பகுதி திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு இடைவெளியை முழுக் கவனத்தோடு வடிவமைத்துவிட்டால், அடுத்தடுத்தவற்றில் அந்தப் பகுதியின் தேவைக்கேற்ப அதை மாற்றிக் காட்டலாம். எட்டு வாரத்தில் முடிக்க வேண்டிய குழுவுக்கு இது பெரிய உதவி. அங்கே ஆள் வருவார்களா என்ற ஐயத்துக்கும் இடமில்லை. நிலையத்துக்கு அருகில் என்றால் தினமும் ரயிலிலிருந்து இறங்குபவர்கள் இருக்கிறார்கள். நெதர்லாந்தின் சான்ஸ்டாட் நகரத்தில், ஊரை இரண்டாகப் பிளந்து சென்ற ஏ8 நெடுஞ்சாலையின் அடியில் கடைகளும் சறுக்குப் பலகை விளையாடும் பள்ளமும் சிறு படகுத்துறையும் அமைத்து, 2006இல் ஐரோப்பிய நகர்ப்புறப் பொதுவெளிப் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அங்கே தூண்கள் தடையாகக் கருதப்படவில்லை. ஒரு பெரிய மண்டபத்தின் தூண்களாகவே பார்க்கப்பட்டன. கோயில் மண்டபங்களில் தூணடியில் உட்கார்ந்து பழகிய நமக்கு அந்தப் பார்வை புதிதாக இருக்கத் தேவையில்லை.

இந்த இடத்தின் பெரிய குறை, அதன் மீது உரிமை கொண்டாடும் அலுவலகங்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை என்பது. மேலே ரயில்வே, பக்கத்தில் நீர்வளத் துறை, சாலையும் குப்பையும் மாநகராட்சி. பறக்கும் ரயிலை மெட்ரோ நிறுவனத்தோடு இணைக்கும் பேச்சும் பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. நிலைய வளாகத்துக்குள் அளவெடுக்க முறையான அனுமதி வேண்டும். அதற்காக எழுதும் கடிதத்தை முதல் வாரத்திலேயே கல்லூரி முதல்வரின் கையெழுத்தோடு அனுப்பிவிட வேண்டும். தூண்களைத் தொட்டுக் கட்டும் எதையும் வரையக் கூடாது, பராமரிப்பு வண்டி போக வழி விட வேண்டும் என்ற இரண்டு கட்டுப்பாடுகளைக் குழு தானாகவே விதித்துக்கொண்டால், உரிமைச் சிக்கலுக்கு ஷீட்டிலேயே ஓரளவு விடை சொன்னதாகும்.

வெளியிலிருந்து வெறுமையாகத் தெரியும் இந்த நிழலில் ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குழுவோடு, பாதை வடக்குத் தெற்காகச் செல்லும் ஒரு பகுதியில் நாடாவைப் பிடித்து அளந்துகொண்டிருந்தேன். அங்கே இஸ்திரி வண்டி வைத்திருந்த பெண்மணி நாங்கள் செய்வதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, அளவெடுத்துக்கொண்டிருந்த மாணவனிடம் கேட்டார்: “என்னத்த அளக்குறீங்க தம்பி?” நிழலை அளக்கிறோம் அக்கா என்றான் அவன். “காலையில வண்டி அந்த மேற்குத் தூண்கிட்ட நிக்கும். உச்சி வெயிலுக்கு நடுவுல தள்ளிடுவேன். மூணு மணிக்கு மேல கிழக்கால போயிடணும், இல்லன்னா கரிச்சூடும் வெயில்சூடும் சேந்து நிக்க முடியாது.” எங்கள் வரைபடத்தில் அதுவரை நிழல் என்பது பாதைக்கு நேர் கீழே ஒரு நிலையான நீள்சதுரமாக இருந்தது. கணினியில் சூரியப் பாதையை ஓட்டிப் பார்த்து நாங்கள் கண்டுபிடிக்க வேண்டியதை அவர் பல ஆண்டுகள் வண்டியைத் தள்ளித் தெரிந்துவைத்திருந்தார். சென்னையில் ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்ட் நடுவிலும் உச்சிவேளைச் சூரியன் தலைக்கு நேரே நிற்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, அவர் சொன்ன மூன்று இடங்களும் ஏறக்குறைய அப்படியே பொருந்தின.

ஆகவே என் தேர்வு இதுதான். கட்டப்போகும் போட்டி என்றால் ஒதுக்கீட்டு நிலம். நீரியலும் மறுகுடியமர்வும் படிக்கப் பொறுமையுள்ள, நேரமும் உள்ள குழு, கருத்துப் போட்டிக்குச் செல்கிறது என்றால் கால்வாய். மற்ற எல்லாக் குழுக்களும் ரயில் பாதையின் அடியில் ஒரு நிலையத்துக்கு நடந்துபோகும் தொலைவில் உள்ள மூன்று தூண் இடைவெளிகளை எடுத்துக்கொள்ளட்டும், முப்பது வேண்டாம். விடியற்காலை ஐந்தரைக்கு ஒருமுறை, பள்ளி விடும் நேரத்தில் ஒருமுறை, இரவு பத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். இரவில் பெண் மாணவர்கள் தனியாகப் போக நேராதபடி குழுவைப் பிரித்துக்கொள்ள வேண்டும். மழை பெய்யும்போது கட்டாயம் போக வேண்டும். மேலே தளத்தில் விழும் மழைநீர் குழாய்களின் வழியே சில தூண்களின் அருகில் கொட்டும். குழாய் உடைந்த இடத்தில் நடுவிலும் கொட்டும். மழை நின்று ஒரு மணி நேரம் கழிந்த பிறகும் தண்ணீர் தேங்கியிருக்கும் தரையைச் சுண்ணக்கட்டியால் சுற்றி வரைந்து அளந்துகொண்டால், திண்ணை எங்கே வரக் கூடாது, செடிக்கான பள்ளம் எங்கே வர வேண்டும் என்பது வேறு ஆராய்ச்சி இல்லாமலே தெரிந்துவிடும். கால்வாயை ஒட்டிய தரை என்பதால், பெருமழையில் முழங்கால் அளவு நீர் வந்து போனாலும் கெடாத பொருள்களையே தரைமட்டத்தில் பயன்படுத்த வேண்டும். மின் இணைப்புகளை அதற்கு மேலே ஏற்றிவிட வேண்டும்.

அன்று அளக்க வந்த குழு, கல்லூரிக்குத் திரும்பியதும் பழைய வரைபடத்தை ஒதுக்கிவிட்டு வெள்ளைத் தாளில் முதலில் மூன்று தூண் இடைவெளிகளை வரைந்தது. அதன் மேல் இஸ்திரி வண்டி நிற்கும் மூன்று இடங்களையும், காலை, உச்சி, மாலை என்று எழுதிப் புள்ளிக்கோட்டால் குறித்தது. பிள்ளைகள் விளையாடும் மேடை, முதியவர்களுக்கான திண்ணை, சைக்கிள் நிறுத்தும் இடம் எல்லாம் அந்தப் புள்ளிக்கோட்டைத் தொடாமல் பிறகு வந்து அமர்ந்தன.